இன்னொண்ணு, அதே மாதிரி

திங்கட்கிழமை காலை காதக்கா பின்வாசல் வழியாக அலுவலகத்துக்குள் வந்தாள். அலுவலகம் என்பது பேச்சுக்குச் சொல்வது. அது ஒரு பழைய வீடு. மாடியில் கணினிகளும், அவற்றைப் பார்த்துப் பார்த்துக் கண் சிவந்தவர்களும் இருந்தார்கள். கீழே, முன்பு தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்த அறையில் ஜன்னல்களைச் செங்கல்லால் அடைத்து, சுவரெல்லாம் ஸ்பாஞ்சு ஒட்டி, ஒலிப்பதிவு அறை ஆக்கியிருந்தார்கள். நடுவில் ஒரு கண்ணாடி. இந்தப் பக்கம் காதக்காவும் இயந்திரங்களும், அந்தப் பக்கம் ஒரு மைக்கும் பேச வருகிறவரும். கதவைச் சாத்தினால் நடுப்பகலிலும் அங்கே இருட்டு கெட்டியாக இருக்கும். நம் மூச்சு நமக்கே கேட்கும்.

அவளுக்குப் பாம்புக் காது, அதனால்தான் அந்தப் பெயர். அடுத்த அறையில் ஊசி விழுந்தால் யார் கையிலிருந்து விழுந்தது என்றுகூடச் சொல்வாள் என்பார்கள். வயதில் மூத்த முதலாளியும் அவளைக் காதக்கா என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. போன வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்தது.

அங்கே தயாரித்தது ஒரு போர் விளையாட்டு. உலகப் போர் முடியவே இல்லை, தலைமுறை தாண்டியும் இழுத்துக்கொண்டே போகிறது என்று கற்பனை செய்த ஒரு வரலாறு. ஆடுகிறவர் ஆகாயத்திலிருந்து பார்ப்பதுபோல் போர்க்களத்தைப் பார்ப்பார், சிப்பாய்களைத் தொட்டுத் தொட்டு ஏவுவார். நேரம் யாருக்காகவும் நிற்காது, யோசித்துக்கொண்டு நின்றால் தோல்விதான். முதல் ஆட்டம் நன்றாக விற்றது. அதனால் இப்போது பனிக்காட்டுப் போர்முனையோடு ஒரு விரிவாக்கம். முதல் ஆட்டத்தை வாங்காதவர்களும் இதைத் தனியாக வாங்கி ஆடலாம்.

ஆட்டத்தில் பீரங்கியும் விமானமும் எத்தனையோ இருந்தாலும், எல்லோருக்கும் பிடித்தது குழிவெட்டிதான். மண்வெட்டியோடு முன்னால் ஓடிப் பதுங்குகுழி வெட்டும் ஒரு சாதாரண ஆள். தொட்டால் "சொல்லுங்க" என்பான். ஏவினால் "இதோ போறேன்" என்பான். கவனிக்காமல் விட்டால் "நம்மள மறந்துட்டாங்க போல" என்று முனகுவான். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் ஒரு பெரியவர், பழைய நாடக நடிகர். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு அடக்கியிருப்பார், தொண்டைக்கு நல்லதாம். அவர் வந்துபோனால் ஸ்பாஞ்சில் அந்த வாசனை சாயங்காலம் வரை நிற்கும்.

அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. ஹெட்போனை மாட்டி மைக் முன்னால் நின்றுவிட்டால், கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து "போதும், வெளியே வாங்க" என்று சொல்லும்வரை அசையக் கூடாது. செருப்பு லேசாகக் கிரீச்சிட்டாலும் பதிவு பாழாகிவிடும். மற்றவர்கள் அதை மீறுவார்கள், திட்டும் வாங்குவார்கள். பெரியவர் மீறியதே இல்லை. வெளியே வந்ததும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ஒரே கேள்விதான் கேட்பார்.

"நல்லா வந்துச்சாம்மா?"

நல்லா வந்துச்சு ஐயா என்று அவள் சொன்ன பிறகே தண்ணீர் குடிப்பார்.

வெள்ளிக்கிழமை விரிவாக்கத்துக்கான கடைசிப் பதிவு நடந்தது. குழிவெட்டி சாகும்போது போடும் சத்தம். கத்தினால் தொண்டை கட்டிக்கொள்ளும் என்பதால் அதை எப்போதும் கடைசியாகத்தான் எடுப்பார்கள். முதல் தடவை சுமாராக வந்தது. இரண்டாவது பரவாயில்லை. அப்புறம் அவர் மார்பைத் தடவிக்கொண்டு, கொஞ்சம் நிறுத்திக்கலாமா என்று கேட்டார். இது ஒண்ணு மட்டும் ஐயா என்றாள் அவள்.

மூன்றாவது சத்தத்தில் அவளுக்கு மயிர் கூச்செறிந்தது. அது கத்தல் இல்லை. உள்ளே காற்று எங்கோ சிக்கிக்கொண்டு, வெளியே வர வழி தேடியது.

அது நடிப்பு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தக் காதுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் அத்தனை நன்றாக இருந்தது. அவள் பேசும் பொத்தானை அழுத்தி, "அருமை ஐயா. இன்னொண்ணு, அதே மாதிரி" என்றாள். பிறகு அந்த மூன்றாவது சத்தத்தை நகலெடுத்துக்கொண்டு, முதலாளிக்குப் போட்டுக்காட்டும் ஆசையில் மாடிக்கு ஓடினாள். அங்கே எல்லோரும் கூடிக் கேட்டார்கள், பாராட்டினார்கள், டீ வந்தது. போதும், வெளியே வாங்க என்று சொல்லவில்லை என்பது டீயைக் குடித்து முடித்த பிறகுதான் அவள் நினைவுக்கு வந்தது.

இறங்கி வந்தபோது, பெருக்க வந்த அம்மாள் அவரை வெளியே கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்திருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. அவளைப் பார்த்துச் சிரித்தார். அன்று அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே வீட்டில் இறந்துபோனார். நெஞ்சுவலி பகலிலேயே ஆரம்பித்திருக்கும், அப்போதே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். துக்கம் கேட்கப் போனவளின் கையை அவருடைய மகள் பிடித்துக்கொண்டு, அப்பா கடைசியா உங்களோடதானே இருந்தார், அதுவே எங்களுக்கு ஆறுதல் என்றாள். காதக்காவுக்கு அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை வந்தவள், அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வெள்ளிக்கிழமைப் பதிவைத் திறந்தாள். அவள் மாடியில் இருந்த நேரமெல்லாம் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

நான்காவது சத்தம் இருந்தது. அதன் பின் அமைதி. பிறகு ஹெட்போனுக்குள் மெதுவாக, "நல்லா வந்துச்சாம்மா?"

பதில் இல்லை.

அவர் காத்திருந்தார். பதில் வராவிட்டால் சரியாக வரவில்லை என்று அர்த்தம் செய்துகொண்டாரோ என்னவோ, மூச்சை இழுத்து மறுபடியும் கத்தினார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் கத்தினார். போகப்போகச் சத்தம் தேய்ந்தது. அவரோ நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

காதக்கா ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். மூன்றாவது சத்தத்தை மட்டும் வெட்டி எடுத்து ஆட்டத்தில் சேர்த்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் அழித்தாள். அழித்ததை மீட்க முடியாதபடியும் அழித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. கை கழுவ வெளியே போனவள் நெடுநேரம் கழுவிக்கொண்டே நின்றாள்.

இரண்டு நாள் கழித்து ஆட்டக்காரர் கீழே இறங்கி வந்தார். குறை கண்டுபிடிப்பதற்காக ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடுவது அவர் வேலை. இதற்கெல்லாம் சம்பளமா என்று அவருடைய மாமியார் இன்னும் நம்பவில்லை. வழக்கமாக அதைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பார். அன்று வாசலிலேயே நின்றார்.

"அக்கா, குழிவெட்டி செத்ததும் ஒரு பொம்பளக் குரல் கேக்குது."

"என்ன சொல்லுது?"

"புரியல. ஆனா..." அவர் தரையைப் பார்த்தார். "உங்க குரல் மாதிரி இருக்குக்கா."

அவள் பொத்தானை அழுத்திப் பேசுவது நடிகரின் ஹெட்போனுக்கு மட்டும்தான் போகும். அது எந்தப் பதிவிலும் ஏறாது, ஏறவும் வழியில்லை. அதைச் சொல்லி அவரை அனுப்பிவிட்டாள். ஆட்டத்திலிருந்த சத்தத்தைத் திறந்து பார்த்தாள். மூன்றாவது சத்தம் மட்டுமே இருந்தது, அவள் வெட்டிய அளவு, கூடவும் இல்லை குறையவும் இல்லை. அறையில் கிராம்பு வாசனை அடித்தது. பழைய வாசனைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இதற்கிடையில் முதலாளிக்கு ஒரு யோசனை வந்திருந்தது. விரிவாக்கத்தைப் பெரியவருக்குக் காணிக்கையாக்கி, முதல் திரையில் அவர் படத்தைப் போடலாம். அதற்கு முன் அந்தக் கடைசிச் சத்தத்தை மகளுக்குக் கேட்கக் கொடுத்து, ஒரு வார்த்தை சம்மதம் வாங்கிவிடலாம். இந்தப் புண்ணியத்தைத் தேடிக்கொள்வோம் என்றார். வேண்டாம் என்று சொல்லக் காதக்காவுக்கு வாய் வரவில்லை. ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன சொல்வது?

மகள் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவள். முற்பகலில் கடையில் சொல்லிவிட்டு வந்தாள். கீழ் அறையில் நல்ல ஒலிபெருக்கி இருந்ததால் அங்கேதான் உட்கார வைத்தார்கள். கண்ணாடிக்கு அப்பால் இருட்டு.

"ஊர்ல எத்தனையோ வீட்ல அப்பா குரல் இருக்கு. எங்க வீட்லதான் எதுலயும் இல்லக்கா. போன்லகூட இல்ல" என்றாள்.

முதலாளி ஆட்டத்தை ஓட்டினார். பனியில் குழிவெட்டி நின்றான். தொட்டார். "சொல்லுங்க." மகள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். முன்னால் போகச் சொன்னார். "இதோ போறேன்." எதிரியின் பீரங்கி வெடித்தது. குழிவெட்டி விழுந்தான். அந்தச் சத்தம் அறையை நிறைத்தது.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் வழிய, பெருமையாகச் சிரித்தாள். "இவ்வளவு நல்லா நடிப்பாரா? இது இருக்கட்டும் சார். எல்லார் வீட்லயும் கேக்கட்டும்."

காதக்கா தலையைக் குனிந்துகொண்டாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று தெரிந்தது. சொல்லவில்லை.

அப்போது ஒலிபெருக்கியில் அவள் குரல் கேட்டது. தெளிவாக, உற்சாகமாக.

"அருமை ஐயா. இன்னொண்ணு, அதே மாதிரி."

பனியிலிருந்து குழிவெட்டி எழுந்தான்.

யாரும் சுடவில்லை. நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதே சத்தத்தைப் போட்டு விழுந்தான். கொஞ்சம் அமைதி.

"நல்லா வந்துச்சாம்மா?"

எழுந்தான். விழுந்தான். கேட்டான்.

எழுந்தான்.

முதலாளியின் கை மவுஸில் இல்லை. அவர் தடுமாறிக் குனிந்து கணினியின் ஒயரைப் பிடுங்கினார். திரை அணைந்தது.

சத்தம் நிற்கவில்லை. இப்போது அது கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

யாரும் இல்லாத அறை. மைக்கை யாரும் போட்டிருக்கவில்லை. ஆனாலும் காதக்காவின் மேஜையில், சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சை விளக்குகள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கின. போகப்போக ஏற்றம் குறைந்தது. கிராம்பு வாசனை கண்ணைக் கரித்தது.

"என்னக்கா இது?" என்றாள் மகள், கிசுகிசுப்பாக.

காதக்கா அப்போதுதான் சொன்னாள். நடிப்பு இல்லை என்று தெரிந்ததை, இன்னொன்று கேட்டதை, மாடியில் டீ குடித்ததை, அவர் உள்ளே காத்திருந்ததை, அந்தக் காத்திருப்பைத் தானே அழித்ததை. முகத்தைப் பார்க்காமல், பச்சை விளக்குகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். முதலாளி சுவரோடு ஒட்டி நின்றார்.

பிறகு அவள் பொத்தானை அழுத்தினாள்.

"போதும் ஐயா. வெளியே வாங்க."

விளக்குகள் அணைந்தன. உள்ளறைக் கதவின் கைப்பிடி மெதுவாகக் கீழே இறங்கியது. கனமான கதவு ஒருவர் நுழையும் அளவுக்குத் திறந்தது. யாரோ சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்ளும் மெல்லிய ஓசை. வேறு யாருக்கும் கேட்டிருக்காது, அவளுக்குக் கேட்டது. அவள் காதுக்கு மிக அருகில், களைத்துப்போன குரலில்,

"நல்லா வந்துச்சாம்மா?"

அது மகளுக்கும் கேட்டது.

"கேக்கறார் இல்ல" என்றாள் மகள். குரலில் கோபம்கூட இல்லை. "பதில் சொல்லுங்க."

காதக்கா வாயைத் திறந்தாள். நல்லா வந்துச்சு என்றால், அவரை நிற்க வைத்துக் கொன்ற பாராட்டையே மறுபடியும் சொன்னதாகும். வரவில்லை என்றால் பொய். திறந்த வாயை மூடிக்கொண்டாள். மகள் பையை எடுத்துக்கொண்டு, திறந்திருந்த உள்ளறைக் கதவைப் பார்த்து "வாங்கப்பா, போலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கிராம்பு வாசனை அவளோடு போகவில்லை.

விரிவாக்கம் அந்தச் சத்தம் இல்லாமலே வெளிவந்தது. குழிவெட்டியின் பேச்சு முழுவதையும் வேறொருவர் பேசினார். சாகும்போது மட்டும் அவன் சத்தமில்லாமல் பனியில் விழுவான். காதக்காவே தன் கையால் அப்படிச் செய்தாள். வாங்கினவர்கள் பாராட்டித்தான் எழுதினார்கள். சிலர் மட்டும் ஒன்று கேட்டிருந்தார்கள். குழிவெட்டி விழுந்த பின் எதையும் தொடாமல் சும்மா இருந்தால் ஒரு வயதானவர் ஏதோ கேட்கிறாரே, அதற்கு எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும்?

அப்படி ஒரு பேச்சே ஆட்டத்தில் இல்லை என்று முதலாளி பதில் எழுதச் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், வீட்டில் எல்லோரும் வெளியே போயிருந்தபோது, காதக்கா அந்த ஆட்டத்தைப் போட்டாள். குழிவெட்டியை முன்னால் அனுப்பினாள். அவன் விழுந்தான். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பனி பெய்தது. கிராம்பு மணத்தது.

"நல்லா வந்துச்சாம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். இந்த முறையும் பதில் வரவில்லை.

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, மறுபடியும் ஆரம்பிப்பதற்காக, மூச்சை உள்ளே இழுத்தார்.