இடது கைத் துண்டு

இடது கைத் துண்டு அரை அங்குலம் கூடியிருந்தது.

மாஸ்டரம்மா மறுபடி டேப்பை வைத்துப் பார்த்தாள். நேற்று சாயங்காலம் தாளில் மணிக்கட்டுக் கோட்டை இருபத்திரண்டில் போட்டது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இருபத்தைந்து வருஷமாகக் கத்திரி பிடிக்கிற கை, தூக்கத்தில் வெட்டினாலும் நூல் பிசகாது என்று தெருவில் பெயர். இப்போது அதே கோடு இருபத்திரண்டரையில் நின்றது. அழித்த தடம்கூட இல்லை.

நாடகக் குழு ஒன்றுக்கு இருநூறு வருஷத்துக்கு முந்தைய கவுன் வேண்டியிருந்தது. அதன் துண்டுகளைப் பழைய புத்தகம் ஒன்றில் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிச் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் வரைந்திருந்தார்கள். புத்தகத்தில் ஒரு கட்டம் என்றால் பிரவுன் தாள் சுருளில் ஓர் அங்குலம். கட்டம் எண்ணிப் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்தால் பொம்மைச் சட்டை ஆள் சட்டையாகிவிடும். ஒவ்வொரு துண்டின் நடுவிலும் உடுத்துகிறவர் பெயருக்கு இடம் விட்டிருந்தது, ஆனால் யார் பெயரும் இல்லை. தையல் கடையில் அதைக் காலியாக விடுகிற வழக்கம் கிடையாது, துண்டு மாறிப்போகும். அளவு பார்க்க உடுத்திக் காட்டப்போவது நாத்தனார்தானே என்று எல்லாத் தாளிலும் 'சிட்டு' என்று பென்சிலால் எழுதியிருந்தாள்.

புருஷனின் தங்கைக்கு வீட்டில் அதுதான் பெயர், உருவம் அவ்வளவு சின்னது. கடை மாடியில், சிட்டுவின் அறை படிக்கட்டுக்குக் கீழே. கடைக்கு இரண்டே சாவி, ஒன்று மாஸ்டரம்மாவிடம், மற்றது சிட்டுவிடம். அப்புறம் யாரைச் சந்தேகப்படுவது? அவள் தனிக்கடை போடப் பார்க்கிறாள் என்று பட்டன்கடைக்காரர் போன மாதம்தான் காதில் போட்டிருந்தார். இந்தக் கவுன் கெட்டால் யார் பெயர் கெடும், நாடகக்காரர்கள் அடுத்து யாரைத் தேடிப் போவார்கள்? கூடவே இருந்து குழி பறிக்கிறாளே என்று பெரிய கத்திரியை எடுத்தாள்.

கூடியிருந்த அரை அங்குலத்தை நறுக்கிக் கூடையில் போட்டாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் சிட்டு ஓட்டிக்கொண்டிருந்த மிஷின் சட்டென்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்து சிட்டு இடது மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். கத்திரி பட்டுவிட்டதாம். பெரிய கத்திரி மாஸ்டரம்மாவின் கையில் இருந்தது, சின்னது அவள் கண்முன்னே மேஜையில் கிடந்தது. வாய் கூசாமல் பொய் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கையும் களவுமாகப் பிடித்தாள். சிட்டு மேஜைமேல் கவிழ்ந்து, வலது கையால் மணிக்கட்டுக் கோட்டை ரப்பர் போட்டு அழித்துக்கொண்டிருந்தாள். இடது கை துப்பட்டாவுக்குள் மறைந்திருந்தது.

"என்ன பண்ற?"

தேள் கொட்டின திருடன் மாதிரி முழித்தாள் சிட்டு.

"கோடு தானா எறங்குது அண்ணி. அப்பப்ப அழிச்சி மேல போட்டுட்டிருக்கேன். பேர மட்டும் எனக்கு அழிய மாட்டேங்குது. நீங்க எழுதினது, நீங்களே அழிச்சிருங்க."

"சாவியக் குடு."

சிட்டு வலது கையால் நீட்டினாள். இடது கை கடைசிவரை வெளியே வரவில்லை. ஒருநாள் விட்டால்கூடத் தாங்காது என்று ஏதோ முனகினாள். பெயரை அழித்திருந்தால் அரை நிமிஷ வேலை. திருட்டுத்தனத்துக்குத் தான் பணிவதா என்ற வீம்பில் மாஸ்டரம்மா கதவைப் பூட்டி, அடுத்த தெருவிலிருக்கும் வீட்டுக்குப் போய் இரண்டு சாவியையும் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து இரண்டு நாள் விடாத மழை. கடை திறக்கவில்லை. தங்கையைப் பார்க்கப் போன புருஷனுக்கு அவள் கதவையே திறக்கவில்லையாம், உடம்பு சரியில்லை என்று உள்ளிருந்தே சொன்னாளாம். நடிக்கிறாள் என்றாள் மாஸ்டரம்மா.

மூன்றாம் நாள் மதியம் மழை விட்டதும் கடையைத் திறந்தபோது, ஈரத் தாளின் வாசனைக்கும் மிஷின் எண்ணெய் வாசனைக்கும் அடியில், நெடுநேரம் தூங்கி எழுந்த உடம்பின் வெதுவெதுப்பான வாடை ஒன்று அறை முழுக்கத் தேங்கி நின்றது. இடது கைத் துண்டு இன்னும் ஒட்டியிருந்த பிரவுன் தாள் சுருள், மேஜை ஓரத்திலிருந்து பிரிந்து தரையில் ஓடியிருந்தது. சுவரைத் தொட்டு, திரும்பி, மிஷின் காலைச் சுற்றி, மறுபடி சுவர்வரை. அதன்மேல் கைத் துண்டின் இரண்டு ஓரக் கோடுகளும் விட்டுப்போகாமல் கூடவே ஓடின. நாலு அங்குலத்துக்கு ஒரு சின்னக் குறி. அது மாஸ்டரம்மாவின் பழக்கம், அவள் கைதான் போட்டது போலிருந்தது.

டேப்பை வைத்தாள். அறுபது. இன்னொரு அறுபது. இன்னொன்று. நடுவில் 'சிட்டு' ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

கீழே தாழ்ப்பாள் விலகியது.

டொக்.

தையல் விரல் கவசம் படியில் இடிக்கிற சத்தம். சிட்டு அதைக் கழற்றுவதே இல்லை. டொக். அடுத்த படி. காலடிச் சத்தம் இல்லை. கவசம் மட்டும்.

மாஸ்டரம்மா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

சிட்டு கீழேதான் நின்றிருந்தாள். தன் அறை வாசலில். ஒரு படிகூட ஏறவில்லை. முகம் மட்டும் மேலே நிமிர்ந்திருந்தது.

டொக். மேல்படி.

துணி சுற்றிய மணிக்கட்டு. கவசம் போட்ட விரல். அதற்குப் பின்னால் படிப்படியாக, வளைவு திரும்பி, கீழேவரைக்கும் கை.

மாஸ்டரம்மா பின்னால் நகர்ந்தாள். மேஜை இடுப்பில் இடித்தது. கத்திரியை எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கத்திரியின் வாய் திறந்திருந்தது. இரண்டு அலகுக்கும் நடுவில் தாள்.

"அண்ணி," என்றாள் சிட்டு கீழிருந்து, மெதுவாக. "கத்திரியக் கீழ வெச்சிருங்க."

கை வாசலைத் தாண்டியது. தரையைத் தடவித் தடவி அவள் காலடிவரை வந்தது. அங்கே புரண்டு, உள்ளங்கையை விரித்துக் காத்திருந்தது. அதில் அந்த ரப்பர். புளியங்கொட்டை அளவுக்குத் தேய்ந்திருந்தது.