கழித்துப் போட்ட இரைச்சல்

பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றித் தருவது என் தொழில். அன்று பகல் பதினோரு மணிக்கு அந்த வீட்டு வாசலில் இறங்கியபோது, இதுவும் பத்தோடு பதினொன்று என்றுதான் நினைத்தேன். என்னை அழைத்தவர் கேட்டருகே காத்திருந்தார். கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர். நாற்பது வயது இருக்கும். கேட்டைத் திறக்கும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணன் போய் எட்டு மாசம் ஆச்சு சார். அண்ணி தினமும் ஒரே டேப்பைப் போட்டுக் கேட்டுட்டு உக்காந்திருக்காங்க. அதுலயும் முக்கால்வாசி வெறும் இரைச்சல். நீங்க காப்பி எடுத்துக் கொடுத்துடுங்க, மிஷினை நான் தூக்கிட்டுப் போயிடறேன். அவங்க நல்லதுக்குத்தான்."

நல்லதுக்குத்தான் என்பதை மாடிப்படியில் இன்னொரு முறை சொன்னார்.

மாடி அறையில் ஈயம் உருக்கிய வாசனை இன்னும் போகவில்லை. அண்ணன் டேப் ரெக்கார்டர் பழுது பார்ப்பவர். ஒரு மத்தியானம் பெரிய வட்டச் சுருளில் நாடா ஓடும் ஸ்பூல் மிஷின் ஒன்றைச் சரிசெய்து, சோதிப்பதற்காக மைக்கில் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். பேச்சின் நடுவில் மாரடைப்பு. எட்டு நிமிடம் பேச்சு; பிறகு நாடா தீரும்வரை இருபத்திரண்டு நிமிடம் இரைச்சல். வீட்டில் யாரும் இல்லை. மாலையில் என்னை அழைத்த இந்தத் தம்பி வந்துதான் பார்த்திருக்கிறார்.

அண்ணனின் மனைவியான அந்த அம்மாள் மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருடம் சுருக்கெழுத்தாளர்.

"நாலு பேர் ஒரே நேரத்துல கத்தினாலும் யார் என்ன சொன்னாங்கன்னு எழுதின காது சார் இது. பார்த்து எடுங்க" என்றார்.

டேப்தான் உசத்தி என்பவர்களை எனக்குத் தெரியும். அதில் குரல் கதகதப்பாக இருக்கிறதாம். கதகதப்புக்குக் கம்பளிப் போர்வை போதாதா என்று நான் கேலி செய்வது வழக்கம். அந்த அம்மாளிடம் அப்படிச் சொல்லத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் சுத்தம் செய்த பதிவோடு போனேன். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். கணவரின் குரல் முடிந்த கொஞ்ச நேரத்தில் கழற்றி வைத்தார்.

"அவர் இருக்கார். அறை எங்க?"

"புரியலைம்மா."

"அவர் பேசினது இந்த அறையில. இதுல அறையே இல்லையே. பஞ்சு மூட்டைக்குள்ள அமுக்கிப் போட்ட மாதிரி இருக்கு."

"இரைச்சலை எடுத்துட்டேம்மா. அதான்."

"எது இரைச்சல்னு யார் முடிவு பண்ணினது? நீங்களா?"

"கம்ப்யூட்டர். ரொம்ப மெல்லிசா இருக்கறதையெல்லாம் அது கழிச்சுடும்."

"மெல்லிசா இருந்தா வேண்டாததுன்னு அதுக்கு யார் சொன்னது?"

 அறை வாசற்படியில் நின்றிருந்த அவருடைய கொழுந்தனார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மின்விசிறி முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குப் போன் வந்து கீழே இறங்கியதும், அந்த அம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அந்த இரைச்சலுக்குள்ள யாரோ நடந்து வர்றாங்க சார். தினமும் கேக்கறேன். என் காதை நம்பி ஒருத்தர் மேல பழி போட முடியாது. நீங்களும் கேட்டுச் சொல்லுங்க."

கழித்துப் போட்ட இரைச்சல் என் கணினியில் தனிக் கோப்பாக இருந்தது. அதை யாரும் கேட்பதில்லை. குப்பைத் தொட்டியைக் கிளறுவது போல அன்று பிற்பகல் என் ஸ்டுடியோவில் அதைப் போட்டேன்.

மழை பெய்வது போன்ற இரைச்சல்.

பேச்சு முடிந்த மூன்றாவது நிமிடத்தில் மரப்படியில் காலடிகள். ஏறுகின்றன.

கதவின் கீல் முனகுகிறது.

ஓர் ஆண் குரல், கேட்டும் கேட்காததுமாக: "அண்ணா?"

ஒரு நிமிடம் எதுவும் இல்லை. யாரோ மூச்சு விடுகிறார்கள், அவ்வளவுதான். பிறகு காலடிகள் திரும்புகின்றன. இந்த முறை ஓடுகின்றன. அதற்குப் பின் நாடா தீரும்வரை இரைச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை. சந்தேகத்தில் மூன்று முறை கேட்டேன்.

மறுநாள் முற்பகல் அந்த மாடி அறையில் மூவரும் உட்கார்ந்திருக்க, அதை ஒலிபெருக்கியில் போட்டேன். "அண்ணா?" வந்தவுடன் கொழுந்தனார் எழுந்துவிட்டார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"நீயா தம்பி?" அந்த அம்மாள் குரலை உயர்த்தவில்லை.

"ரெண்டு வருஷமா பேசாம இருந்தோம் அண்ணி. சமாதானமாப் போகலாம்னுதான் வந்தேன். அண்ணன் தரையில கிடந்தார். கண்ணு திறந்திருந்துச்சு. செத்துட்டார்னு நினைச்சேன். சண்டை போட்டவன் நான்... யார் நம்புவாங்க? பயந்து ஓடிட்டேன். சாயங்காலம் வந்து அப்பத்தான் பார்த்த மாதிரி..."

"கண்ணு திறந்திருந்துச்சா?"

அவர் படிகளில் தடதடவென்று இறங்கினார். தெருக்கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

நானும் கணினியை மூடினேன். எதற்காக வந்தோமோ அதைவிடப் பெரிய காரியத்தில் தலையைக் கொடுத்துவிட்டோம் என்று உறுத்தியது. அந்த அம்மாள் அழவில்லை. ஸ்பூலை எடுத்து மிஷினில் மாட்டினார்.

"உங்க கோப்பு அதோட முடிஞ்சு போச்சு. இது முடியாது சார். உக்காருங்க."

நாடா ஓடியது. கணவரின் பேச்சு. விழுந்த சத்தம். இரைச்சல். காலடிகள். "அண்ணா?" ஓட்டம். எல்லாம் நான் கேட்டதுதான்.

பிறகு நான் கேட்காதது வந்தது.

தரையில் துணி உரசும் சத்தம். யாரோ எழுந்து உட்காருவது போல.

ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

மைக்குக்கு மிக அருகில், மிக நிதானமாக ஒரு மூச்சு.

"அவன் போயிட்டானா?"

எட்டு நிமிடம் பேசிய அதே குரல்.  இதே நாடாவிலிருந்து என் கையால்தான் பிரதி எடுத்தேன். அந்த இடத்தில் வெறும் இரைச்சல்தான் இருந்தது. அதை மூன்று முறை கேட்டவன் நான்.

அந்த அம்மாள் ஒலிபெருக்கியைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார்.

"இப்பத்தான் போனான்."

குரல் கொஞ்சம் யோசித்தது.

"வருவான்."

இந்த அம்மாள் என்னை வைத்து நாடகம் ஆடுகிறாரோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. எழுந்து மிஷினுக்குப் பின்னால் பார்த்தேன். வேறு ஒயர் இல்லை, வேறு கருவி இல்லை. அதற்குள் நாடா தீர்ந்து, அதன் நுனி ஸ்பூலோடு சுற்றிப் படபடவென்று அடித்துக்கொண்டது. சுவிட்சை அணைத்தேன். ஸ்பூல்கள் மெல்ல நின்றன.

ஒலிபெருக்கியில் இரைச்சல் நிற்கவில்லை.

ஒலிபெருக்கியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். பிளக் என் கையில் இருந்தது.

இரைச்சல் நிற்கவில்லை.

ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது, தாழ்ந்த குரலில் யாரோ இடைவிடாமல் பேசுவது போல. எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அந்த அம்மாள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கிப் பக்கம் குனிந்து கிசுகிசுத்தார்.

"கொஞ்சம் இருங்க. இவர் இன்னும் கிளம்பல."

இரைச்சல் சட்டென்று நின்றது.

பையை எடுத்துக்கொண்டேனா, விட்டுவிட்டேனா என்பதுகூட நினைவில்லை. படியிறங்கும்போதும் வாசலைத் தாண்டும்போதும் அந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. தெருவில் உச்சி வெயில். கொழுந்தனாரின் போனுக்கு அங்கேயே நின்று அடித்தேன், அந்தப் பக்கமே இனி வர வேண்டாம் என்று சொல்ல. மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

கேட்டைச் சாத்தினேன்.

மாடி ஜன்னலில் அந்த இரைச்சல் மறுபடி தொடங்கியது.