இருபதாவது புட்டி

காலை 9.10.

கொட்டகை மூலையில் பதினோராவது செம்மறி விறைத்துக் கிடந்தது. பண்ணைக்காரர் அதைப் பார்க்கவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் அவர் கண் போயிற்று. அங்கே, தம்பி மனைவி கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த பன்னிரண்டு ஆடுகள் நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"நோயைக் கொண்டுவந்து கொட்டினது அதுங்கதான், டாக்டரம்மா. பன்னிரண்டு மணிக்கு ஆள் வருது. கொன்னு புதைச்சிடப் போறேன்."

தம்பி மனைவி ஒரு குட்டியின் கழுத்தை இறுகப் பிடித்தபடி நின்றாள். அவளுக்கும் பண்ணைக்காரருக்கும் பேச்சு நின்று ஒரு மாதம் ஆகிறது.

கால்நடை மருத்துவரின் கையில் ஆய்வகத் தாள் இருந்தது. போன வாரம் பத்தொன்பது புட்டிகளில் மாதிரி எடுத்திருந்தார். செத்த மூன்று ஆடுகளின் குடலில் சால்மோனெல்லா கிருமி. தண்ணீர், தீவனம், வைக்கோல், மேய்ச்சல் மண், எதிலும் இல்லை. அந்தப் பன்னிரண்டு ஆடுகளின் சாணத்திலும் இல்லை. உள்ளே ஒளிந்திருக்கும், ஒரு சோதனையில் சிக்காது என்றார் பண்ணைக்காரர். அது முழுப் பொய்யும் இல்லை என்பதுதான் மருத்துவருக்கு எரிச்சலாக இருந்தது.

10.05.

"செத்ததுக்கெல்லாம் கடைசியா என்ன குடுத்தீங்க?"

"குடற்புழு மருந்து. என் கையாலயே."

"அவங்க ஆடுகளுக்கு?"

"என் கை படக்கூடாதாம். தனியா ஒரு புட்டி வெச்சு அவளே புகட்டிக்கிறா."

மருந்து புகட்டும் குழல் ஆணியில் தொங்கியது. மருத்துவர் அதன் முனையை முகர்ந்தார். பினாயில் வாசனை.

"நல்லாக் கழுவுவீங்க போல?"

"ஒவ்வொரு ஆட்டுக்கும் நடுவுல கழுவுவேன்." குரலில் பெருமை வழிந்தது.

"எதுல?"

வாசலில் பூட்ஸ் நனைக்க வைத்திருந்த பினாயில் பக்கெட்டைக் காட்டினார். "பச்சைத் தண்ணியைவிட அது சுத்தமாச்சே. கிருமியைக் கொல்லத்தானே வெச்சிருக்கு?"

பால் போல் வெளுத்திருக்க வேண்டிய தண்ணீர் பழுப்பாக இருந்தது. அடியில் சாணி. கிருமிநாசினிதானே என்று மருத்துவரும் அதில் மாதிரி எடுக்காமல் விட்டிருந்தார், தன் பூட்ஸை அதிலேயே நனைத்துக்கொண்டு. அன்றே இருபதாவது புட்டியை அங்கே நிரப்பியிருக்க வேண்டும். இப்போது நிரப்பினார். குழலின் முனையையும் பஞ்சால் துடைத்து எடுத்துக்கொண்டார். மூன்று நாள் பொறுங்கள் என்று கேட்டார். பண்ணைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஆளை வரவேண்டாம் என்றார்.

மூன்றாம் நாள், 11.30.

"பக்கெட் தண்ணி, குழல், ரெண்டுலயும் அதே கிருமி," என்றார் மருத்துவர். "சாணி சேர்ந்தா அந்த மருந்துக்கு வீரியம் போயிடும். ஒரு ஆட்டுக்கு வந்த நோயை இந்தக் குழல்தான் மத்ததுக்கெல்லாம் கொண்டுபோயிருக்கு. அவங்க ஆடுகளுக்கு இது போகலை, அதான் தப்பிச்சுது. உங்க மேல மட்டும் பழி போட மாட்டேன். வாசல்ல பக்கெட் வைக்கச் சொன்னவ நான். தினமும் தண்ணி மாத்தணும்னு சொல்லாமப் போனவளும் நான்தான்."

பண்ணைக்காரர் தீவன மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "நானே ஒவ்வொண்ணா வாயைத் திறந்து ஊத்தியிருக்கேனே," என்று சொல்லி அழுதார்.

தம்பி மனைவி தடுப்பைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் கொதிக்க வைத்து எடுத்த புதுக் குழல். இங்கே தொட்ட கையோடு போக வேண்டாம், தன் ஆடுகளை இன்றைக்குக் கணவன் பார்த்துக்கொள்வார் என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

"உங்க ஆடு இன்னும் ஒன்பது இருக்கு, மாமா. நீங்க பிடிச்சுக்குங்க, நான் மருந்து புகட்டுறேன்."