உச்சி வெயிலில் ஒரு ஹாரன்

அந்தக் காரைப் பார்க்கப் போன அன்று எனக்குக் கடுமையான ஜலதோஷம். பின்சீட்டில் ஒரு வாசனை இருந்திருக்கிறது. நனைத்த துணி காயாமல் கிடந்தால் வரும் வாசனை. மூக்கு வேலை செய்திருந்தால் நான் பஸ் ஏறித் திரும்பியிருப்பேன். என் வாழ்க்கையில் மூக்கு காலை வாரிய முதல் சந்தர்ப்பம் அது.

திருப்புலிவனத்தில், கோயிலைத் தாண்டி, பூட்டிக் கிடந்த ஒரு பெரிய மச்சு வீடு. முதலாளி காலமாகிவிட்டார். மகன் வெளிநாட்டில் இருக்கிறார். போனிலேயே பேசி முடித்தோம். மாட்டுக் கொட்டகையில் கார் நின்றது. கறுப்பு நிறம், உருண்டை விளக்குகள், குரோமியப் பல்வரிசை. தயாரித்த கம்பெனி செத்தே பல வருஷம். பக்கத்தில் சாவியோடு ஒரு கிழவர் நின்றிருந்தார். முதலாளியிடம் கடைசிவரை டிரைவராக இருந்த செங்கேணி.

"இன்னா நைனா, ஓட்டவா, வேடிக்கைக்கா?"

"கல்யாண போட்டோவுக்கு, பெரியவரே."

என் தொழில் அது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் 'நிஷா ஸ்டூடியோ' என்னுடையது. நிஷா என் மகள். அவளே என்னிடம் போட்டோ எடுத்துக்கொள்வதில்லை, போனில் எடுத்துக்கொள்கிறாள். ஆனால் கல்யாண ஜோடிகளுக்குப் பழைய கார் என்றால் உயிர். அதில் சாய்ந்து நின்று சிரிப்பார்கள். என்னுடைய தொழில் திறமைக்கு ஒரே அத்தாட்சி என் இடது கை மோதிர விரல். போட்டோ வெட்டும் கட்டரில் அதன் நுனியைப் பறிகொடுத்தவன் நான். பரிமளா, அதாவது என் மனைவி, என்னை 'ஒம்போதே முக்கா' என்றுதான் கூப்பிடுவாள்.

செங்கேணி காரின் குணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பெண் கொடுக்கும் வீட்டில் பெண்ணின் கோபதாபங்களைச் சொல்வது போல இருந்தது.

"பெட்ரோல் முள்ளு எப்பவும் பாதியிலதான் நிக்கும், நம்பாத. மொத கியரு பேஜாரு பண்ணும், ரெண்டாவதப் போட்டுட்டு வா. வெயில்ல பெட்ரோல் பம்பு சூடாயி நின்னுக்கும். ஈரத்துணி போட்டு பத்து நிமிசம் காத்துகினு நில்லு. பின்கதவு ரெண்டும் உள்ளேர்ந்து தொறக்காது. கண்ணாடியும் எறங்காது. நீதான் எறங்கிப் போயி தொறந்து உடணும்."

"ரிப்பேர் பண்ணலையா?"

"கம்பெனிலேர்ந்தே அப்டித்தான் நைனா."

கடைசியாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "உச்சி வெயில்ல ஹாரன் தானா அடிக்கும். சூட்டுல உள்ள ஒட்டிக்கும். அதுவும் கம்பெனிலேர்ந்தே அப்டித்தான்னு சொல்லுவாங்க."

'சொல்லுவாங்க' என்று ஏன் சொன்னார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஒரு மாதத்தில் காருக்கு நான் பழகிவிட்டேன். காருக்கு நான் பழகியது பரிமளாவுக்குப் பழகவில்லை. மதியம் பன்னிரண்டரைக்கு வாசல் வேப்பமரத்தடியில் நிற்கும் கார் திடீரென்று ஒரு நீண்ட அலறல் அலறும். அவள் கையிலிருக்கும் கரண்டி விழும்.

"போயி பாருங்க."

"அது கம்பெனிலேர்ந்தே அப்டித்தான்."

"உங்களையும் அந்தக் கம்பெனிலதான் செஞ்சாங்களா?"

நான் சிரிப்பேன். ஹாரன் கொஞ்ச நேரத்தில் தானே ஓய்ந்துவிடும்.

செங்கேணி மட்டும் அதற்குச் சிரித்ததில்லை. தினமும் பதினொன்றரை பஸ்ஸில் வந்து இறங்குவார். எங்கள் குழாயில் ஒரு துணியை நனைத்துக்கொள்வார். காரின் இடது பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, யாரோ இறங்கக் காத்திருப்பது போல நிற்பார். பத்து நிமிஷம். பிறகு மெல்லச் சாத்திவிட்டுப் போவார். கேட்டால், "காத்து போவட்டும்" என்பார். வண்டியைப் பிரிய முடியாத பழைய டிரைவர் என்று நினைத்து, அவருக்கும் சேர்த்து மோர் கரைக்கச் சொன்னேன்.

வைகாசியில் திவ்யா என்ற மணப்பெண்ணுக்குப் படம் எடுக்கப் போனோம். ஏரிக்கரைச் சாலையில், வெயில் நெற்றியைப் பிளக்கும் நேரத்தில், கார் நின்றது. நான் ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டுவிட்டு, "பத்து நிமிஷம்மா" என்றேன். மாப்பிள்ளை இறங்கி என்னோடு நிழலுக்கு வந்துவிட்டான். பெண், பட்டுப்புடவை அழுக்காகும் என்று பின்சீட்டிலேயே இருந்தாள். புழுங்காமலிருக்கக் கதவைத் திறந்துதான் வைத்திருந்தேன். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன்.

காற்றே இல்லை.

கதவு சாத்திக்கொண்டது.

ஹாரன் அலறியது.

ஓடிப்போய்த் திறந்தேன். திவ்யா வெளியே விழுந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். முகத்தில் மேக்கப் வேர்வையில் கரைந்து ஓடியது.

"பக்கத்துல யாரோ மூச்சு வாங்கறாங்க அங்கிள்," என்றாள். மிகவும் மெதுவாக, யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்பது போல.

அவளுடைய இடது கணுக்காலுக்கு மேலே, துணியால் இறுக்கிக் கட்டி அவிழ்த்தது போல, சிவப்பாக ஒரு வளையம் பதிந்திருந்தது.

மறுநாள் செங்கேணி வந்தபோது அந்த வளையத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் நனைத்த துணியைப் பிழியாமலே நின்றார். காலடியில் நீர் சொட்டிக் குளம் கட்டியது.

"ஜெயம்மா," என்றார். "எம் பொஞ்சாதி."

முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு சித்திரை மாதம். நெல்லறுப்பில் ஜெயம்மாளை விரியன் கடித்தது. முதலாளியின் காலில் விழுந்து சாவி வாங்கியிருக்கிறார்.

"எங்க ஆளுங்க யாரும் அந்தப் பின்சீட்டுல குந்தனதில்ல நைனா. அவதான் மொத ஆளு. கால இறுக்கிக் கட்டிப் படுக்க வச்சேன். ஏரிக்கர மேல வண்டி நின்னுகிச்சி. ஏரி காஞ்சி கெடக்குது. 'பத்து நிமிசம் பொறு ஜெயம்மா'ன்னு சொல்லிட்டு, துணிய எடுத்துகினு பம்புசெட்டாண்ட ஓடனேன்."

அங்கே நிறுத்தினார். மீதியைத் துணியிடம் சொன்னார்.

"நனைச்சிகினு நிக்கிறேன், ஹாரன் அடிக்குது. உட்டு உட்டு அடிக்குது. நான் இன்னா நென்ச்சேன்? வெயிலு, வண்டி கத்துது, கம்பெனிலேர்ந்தே அப்டித்தானேன்னு நென்ச்சேன். எஞ்சின் ஆறாம கெளம்பாது, ஓடிப்போயி இன்னா பண்றதுன்னு ஒரு பீடி புடிச்சேன் நைனா. ஒரே ஒரு பீடி."

அவர் திரும்பியபோது கண்ணாடியில் உள்பக்கம் முழுக்கக் கை ரேகைகள். முன்சீட்டின் மேல் சாய்ந்து, ஹாரன் வரை கையை நீட்டியபடி கிடந்திருக்கிறாள். அவள் விஷத்தில் போனாளா, அந்த மூடிய அடுப்பில் போனாளா என்பதை எந்த டாக்டரும் அவருக்குச் சொல்லவில்லை.

எனக்கு இளகிய மனசு. இதுவரை அது யாருக்கும் நல்லது செய்ததில்லை. "திங்கக்கிழமை மெக்கானிக் ஐசக்கை வரச் சொல்றேன் பெரியவரே. பின்கதவுக்குப் புது லாக் போட்டு உள்ளேயிருந்து திறக்கிற மாதிரி பண்ணிடலாம். அவங்க இறங்கிப் போகட்டும்," என்றேன்.

செங்கேணியின் முகம் மாறியது. அவருக்கு நான் நல்லது சொல்கிறேனா, கெடுதல் சொல்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"எறங்கிப் பூட்டாள்னா, நான் யாராண்ட போயி மன்னிப்பு கேக்கறது?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வருவதில்லை, அன்று அந்த பஸ் கிடையாது. எங்கள் வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு. நான் இலையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டரைக்கு ஹாரன் அடித்தது.

பரிமளா என்னைப் பார்த்தாள். ஹாரன் ஓயவில்லை. விட்டு விட்டு அடித்தது.

"ஏங்க. ஒருவாட்டி போயி பாருங்களேன்."

எலும்பிலிருந்து வாயை எடுக்காமலே நான் சொன்னேன்.

"கம்பெனிலேர்ந்தே அப்டித்தான்."

அந்தக் கதையைக் கேட்ட மறுநாளே இல்லை, மூன்றாம் நாள். அந்தப் பீடிக் கதை இன்னும் காதை விட்டுக்கூடப் போகவில்லை. ஆனாலும் சொன்னேன். பழக்கம் என்பது அப்படித்தான் நாக்கில் உட்கார்ந்திருக்கிறது. குழம்பு முடிந்து ரசத்துக்கு வந்தேன். ரசத்தின்போது ஹாரன் நின்றது. "பார்த்தியா, தானா நின்னுடிச்சி," என்று ஜெயித்தவன் மாதிரி வேறு சொன்னேன்.

கை கழுவ வாசலுக்கு வந்தபோதுதான் பார்த்தேன். காரின் பக்கத்தில், மண்ணில், ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. கோயிலுக்குள் போகிறவன் கழற்றி வைப்பது போல, ஒழுங்காக, ஒன்றோடொன்று சேர்த்து வைத்திருந்தது.

செங்கேணி பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். திருப்புலிவனத்திலிருந்து அந்த வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். கதவைத் தானே சாத்திக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. கதவைத் திறந்தபோது அடுப்பைத் திறந்தது போல அனல் அடித்தது. கண்கள் திறந்திருந்தன. உயிர் இல்லை.

இரண்டு கையாலும் மடியில் ஒரு துணியை இறுகப் பிடித்திருந்தார். அந்த விரல்களைப் பிரிக்க, போன் பண்ணி வரவழைத்த ஐசக்கும் நானும் சேர வேண்டியிருந்தது.

அவ்வளவு அனலிலும் துணி சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது.

அவருடைய கைகள் மடியை விட்டு அசைந்ததாகவே தெரியவில்லை. அப்படியானால் ஹாரனை அழுத்தியது யார் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். புருஷனுக்கு மூச்சு அடைக்கிறது, யாராவது வாருங்கள் என்று அவள் அழுத்தியிருக்கிறாள். இந்தத் தடவையும் யாரும் வரவில்லை. இந்தத் தடவை வராதவன் நான்.

திங்கட்கிழமை ஐசக் புது லாக் மாட்டினான். உள்ளேயிருந்து 'டக்' என்று அழகாகத் திறந்தது. செவ்வாய்க்கிழமை திறக்கவில்லை. இன்னொன்று மாட்டினான். அதுவும் மறுநாள் திறக்கவில்லை. ஐசக் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புதுசுதான்ணே. ஆனா இதுவும் அப்டித்தான் இருக்கும் போல," என்றான். கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டான். அதற்கப்புறம் என் போனை அவன் எடுப்பதில்லை.

போவதற்கு முன் பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தான். ஹாரனையும் கழற்றிவிட்டான். அது இப்போது ஸ்டூடியோவில், பழைய பிளாஷ் விளக்குகளோடு ஒரு பெட்டியில் இருக்கிறது.

பன்னிரண்டரைக்கு ஹாரன் அடிக்கிறது.

முன்பு ஒரு குரல். இப்போது இரண்டு. ஒன்று நீளமாக, அதை அடுத்து ஒன்று தயங்கித் தயங்கி.

விற்றுவிடு என்கிறாள் பரிமளா. வாங்குகிறவனிடம் என்ன சொல்வேன்? எல்லாவற்றையும் சொல்லலாம். அவனும் தலையாட்டுவான். ஒரு மாதத்தில் பழகிவிடுவான். அதுதான் எனக்குப் பயம். ஆகவே நான் ஸ்டூடியோவை மதியத்தில் பூட்டிவிட்டு ஓடி வருகிறேன். குழாயில் துணியை நனைக்கிறேன். இடது பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தெருவில் போகிறவர்கள், "இன்னா ஸ்டூடியோகாரரே, மகாராணி இன்னும் எறங்கலையா?" என்று கேட்கிறார்கள். நானும் சிரித்துவைக்கிறேன். பத்து நிமிஷம். யாரும் இறங்குவதில்லை.

கண்ணாடியின் உள்பக்கத்தில் தினமும் கைகள் பதிந்திருக்கும். ஒன்று சின்னது, வளையல் இடித்த கீறலோடு. ஒன்று பெரியது, டிரைவர் கை. ஒரு குச்சியில் துணியைச் சுற்றி, கதவுக்கு வெளியே நின்றபடி துடைத்துவிடுவேன். அந்தச் சீட்டில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. அந்தக் கண்ணாடியை உள்பக்கமாக ஒரு நாளும் கையால் தொட்டதில்லை.

இன்று மதியம் மூன்று கைகள் இருந்தன.

மூன்றாவது, இடது கை. கண்ணாடியை உள்ளேயிருந்து தள்ளியது போல விரல்கள் விரிந்து, அழுத்தமாகப் பதிந்திருந்தது.

மோதிர விரலுக்கு நுனி இல்லை.