திரும்பாத கைத்தட்டல்

புது அறையில் எதிரொலி இல்லை.

அவள் நடுவில் நின்று இன்னொரு முறை கைதட்டினாள். பூச்சு காய்ந்த சுவர்கள், வெறும் சிமென்ட் தரை, ஒரு கட்டில். இப்படி ஓர் அறையில் தட்டினால் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி, தகரம் அதிர்வதுபோல ஒரு கணம் நின்று, பிறகுதான் அடங்கவேண்டும். இங்கே கையை விட்டு வெளியே வந்ததும் அது இல்லாமல் போனது.

காதுப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. கண்ணாடி பதித்த சின்ன அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, கதவைச் சாத்தி, மெல்லிய சத்தங்களை அனுப்பி, கேட்டால் கையைத் தூக்கச் சொல்வாள். அந்த அறையின் சுவர்களில் கனமாகப் பஞ்சு வைத்திருப்பார்கள். அங்கே கைதட்டினால் இப்படித்தான் இருக்கும். இங்கே பஞ்சு இல்லை. வேலையில் சேர்ந்தபோது முதலில் சொல்லிக்கொடுத்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. காலி அறை சத்தத்தைத் திருப்பித் தரும். ஆள் நிறைந்த அறை விழுங்கிவிடும்.

கதவருகே இரண்டு தட்டு கேட்டது. சுண்டு. ஏழு வயது மகள். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் அம்மா ஒரு தட்டு தட்டவேண்டும், மகள் இரண்டு தட்டுத் திருப்பவேண்டும். அவர்களுக்குள் அப்படி ஒரு பழக்கம்.

“யாருக்கும்மா கை தட்டுற?”

“உன் ரூமுக்கு.”

“அது என்ன பண்ணிச்சு?”

“ஒண்ணும் பண்ணல,” என்றாள். “அதான்.”

அந்த அறை இல்லாவிட்டால் சுண்டு இல்லை. கணவனும் அவளும் பிரிந்தபிறகு, பிள்ளை யாரிடம் வளர்வது என்று எழுதிக்கொடுக்க ஓர் அதிகாரி அம்மாள் வந்து வீட்டைப் பார்த்தார். குளிர்பெட்டிக்கும் சமையல் மேடைக்கும் நடுவில் சுருட்டிவைத்திருந்த படுக்கையைப் பார்த்தார். அதட்டவில்லை. “வளர்ற பொண்ணு. தனியா ஒரு ரூம் வேணும். அவங்க அப்பா வீட்டுல இருக்கு,” என்று மட்டும் சொன்னார். மறுபடி வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பகுதிக்கு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் குன்று. நடுவில் இருந்த மண்ணுக்கு எல்லோரும் ஆசைப்பட்டார்கள். காலி மனைகள் தீர்ந்தன. பூங்காவின் பாதி தீர்ந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பள்ளிக்கூடமே இன்னொரு கட்டடம் எழுப்பியது. இரண்டு அறை வீடு வேண்டும் என்று தரகரிடம் சொன்னால் முதலில் சிரிப்பார். பிறகு என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்பார். பிறகு மறுபடி சிரிப்பார்.

மிச்சமிருந்தது டக்ட். கட்டடத்தின் நடுவில், எல்லா வீட்டுச் சமையலறையும் பார்க்கும்படி, வானத்துக்குத் திறந்து விட்டிருந்த கிணறு போன்ற இடம். அடியில் மண் இருந்ததாம், புல் முளைத்திருந்ததாம். கட்டடம் வருவதற்கு முன் அங்கே பெரிய மைதானம் இருந்ததாம். கீழ்வீட்டுக்காரர்கள் அந்த மண்ணை மூடி ஓர் அறை கட்டிக்கொண்டார்கள். அதன் கூரையைத் தரையாக்கி முதல் மாடிக்காரர்கள் கட்டினார்கள். இரண்டாம் மாடி. மூன்றாம் மாடி. இவளுடையது நான்காம் மாடி. அதற்கு மேல் வானம்தான்.

“கட்டிக்கோம்மா, நான் தடுக்கவா போறேன்?” என்றார் வீட்டுச் சொந்தக்காரர். செலவு அவளுடையது, அறை அவருடையது என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

மற்ற நான்கையும் கட்டிய கொத்தனாரே இதையும் கட்டினார். கூரையில் வெளிச்சத்துக்குக் கண்ணாடி பதித்தார். எல்லாம் முடிந்தபிறகு, கூரையை ஒட்டி மொட்டைமாடிப் பக்கம் ஒரு செங்கல்லை வைக்காமல் விட்டுவிட்டுக் கரணையைக் கழுவினார்.

“அதையும் வெச்சிருங்களேன்,” என்றாள்.

“அது இருக்கட்டும்மா. கீழ ஒவ்வொரு வீட்டுலயும் தளத்துல ஒரு ஓட்டை விட்டுத்தான் குடுத்தேன். மேல போக வழி வேணும்ல.”

“எது போக?”

“காத்து.” அவர் சிரித்தார். “வேற என்னத்தச் சொல்லுவேன்?”

மூன்றாம் மாடி அக்கா வந்து அறையைப் பார்த்துவிட்டு, “ஜோரா இருக்குடி. உன் வீட்டுக்காரன் பார்த்தா வயிறு எரிவான்,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நாங்க கட்டுறதுக்கு முன்னாடி டக்ட்ல ஒரே இரைச்சலா இருக்கும். பெருமூச்சு விடுற மாதிரி. கட்டினதும் நின்னுபோச்சு. கீழ்வீட்டுலயும் அப்படித்தான் சொன்னாங்க.”

“எங்கக்கா போச்சு?”

“எங்க போகும்? உன் தலை மேலதான்.” சொல்லிவிட்டு அவளே முதுகில் தட்டிச் சிரித்தாள்.

அந்த ஓட்டை அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் வேலையில் ஓட்டை என்பது குற்றம். கதவின் ரப்பர் ஓரிடத்தில் பிய்ந்திருந்தாலும் பரிசோதனை அறை கெட்டுப்போனதாகத்தான் கணக்கு. மெல்லிய காகிதத்தைக் கீற்றாகக் கிழித்துப் பிடித்துப் பார்ப்பார்கள். ஆடினால் கசிவு இருக்கிறது. நாற்காலி போட்டு ஏறி இந்த ஓட்டையிலும் கீற்றைப் பிடித்துப் பார்த்தாள். அது வெளிப்பக்கமாக இழுபட்டு நேராக நின்றது. காலையில் பார்த்தாள், கடற்காற்று உள்ளே அடிக்கும் மாலையில் பார்த்தாள். எப்போதும் வெளியே. கீற்றைக் கையிலிருந்து பிடுங்கப் பார்ப்பதுபோல, உள்ளேயிருந்து எதுவோ ஓயாமல் போய்க்கொண்டிருந்தது.

அதிகாரி வருவதாகச் சொல்லியிருந்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு மழை பெய்தது. ஓட்டை வழியாகச் சுவரில் ஈரம் இறங்கிக் கோடு விழுந்தது. அவள் நிலையத்திலிருந்து மிச்சப் பஞ்சைக் கொண்டுவந்து அடைத்து, மேலே பட்டி பூசி, மட்டமாக வழித்தாள். நல்ல வேலை. ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை.

கைதட்டிப் பார்த்தது அதற்கு மறுநாள்.

அன்று சாயங்காலம் அவள் கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். புது அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே சுண்டு பந்து உருட்டி விளையாடினாள். அடுப்பின் சூடு, நனைந்த துணியின் வாடை, கீழ்வீட்டில் யாரோ திறந்த தண்ணீர்க் குழாயின் உறுமல், எல்லாவற்றுக்கும் நடுவே அவளுக்கு வேறொரு வாடை வந்தது. சுண்ணாம்பும் இல்லை, வண்ணமும் இல்லை, வெயிலில் கிடந்து மழையில் நனைந்த புல்லின் வாடை, மிதித்த புல், அதன் அடியில் கிளறிய மண். ஜன்னலைப் பார்த்தாள். எதிரே எதிர்வீட்டுச் சுவர்தான்.

ஒரு நாய் குரைத்தது. தெருவில் இல்லை. தெரு நாயின் குரைப்பு கட்டடங்களில் பட்டு உடைந்துதான் மேலே வரும். இது உடையாமல் வந்தது. மிகத் தொலைவிலிருந்து. இடது காதுக்கு. இடது பக்கம் இருந்தது புது அறை.

“அம்மா, பந்து போயிருச்சு.”

“கட்டிலுக்கு அடியில பாரு.”

“அடியில இல்ல. உருட்டினேன். இன்னும் போயிட்டே இருக்கு.”

கத்தியை வைத்துவிட்டுப் போனாள். சுண்டு எதிர்ச்சுவரைப் பார்த்துக் குந்தியிருந்தாள். பந்தை எங்கும் காணோம். கட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். அங்கும் இல்லை.

“இந்த ரூம்ல ரொம்பத் தூரம் இருக்கும்மா,” என்றாள் சுண்டு.

அன்றிரவு மகளைப் பழைய இடத்திலேயே, தன் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் அதிகாரி வந்தார். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். விளக்கைப் போட்டார். கட்டிலில் உட்கார்ந்து எழுந்தார். “ஈரம் இருக்கானு பார்த்துடறேன்,” என்று எதிர்ச்சுவரை நோக்கி நடந்தார்.

அவள் வாசலில் நின்று பார்த்தாள். அதிகாரி நடந்தார். கட்டிலைத் தாண்டினார். நடந்தார். காலடிச் சத்தம் சிமென்ட்டில் கேட்டது. பிறகு கேட்கவில்லை. நடந்தார். முதுகு சிறுத்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தபோது அவர் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அவள் கைநீட்டினால் எட்டும் தூரத்தில் நின்றிருந்தார்.

“ஈரமெல்லாம் இல்ல. நல்ல ரூம்.” அவருக்கு லேசாக மூச்சு வாங்கியது. “உனக்குப் பிடிச்சிருக்கா கண்ணு?”

“பெருசா இருக்கு,” என்றாள் சுண்டு.

“உங்களுக்கெல்லாம் எல்லாமே பெருசுதான்.” அதிகாரி சிரித்தார். “குழந்தை உங்ககிட்டயே இருக்கட்டும்னு எழுதிடறேன்.”

அவளுக்குக் கண் நிறைந்தது. நன்றி சொல்லி வழியனுப்பினாள். படி இறங்கும்முன் அதிகாரி குனிந்து, உடையின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டார். “எங்க ஒட்டிச்சுன்னே தெரியல.”

போனபிறகு அவள் தரையில் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். ஒட்டுப்புல்லின் விதை. பச்சையாக இருந்தது.

வீட்டுக்குள் வந்து புது அறையைச் சாத்தினாள். அந்தக் கதவுக்கு இன்னும் தாழ்ப்பாள் போடவில்லை. சுண்டுவைச் சமையலறை மேசைமுன் உட்காரவைத்து வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொடுத்தாள்.

“அந்த ரூமுக்குப் போகக்கூடாது. சரியா?”

“என் ரூம்தானே?”

“உன் ரூம்தான். நாளைக்குப் போகலாம்.”

சமையலறையில் சிக்னல் கிடைக்காது. படிக்கட்டுக்குப் போய்க் கொத்தனாரை அழைத்தாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

“அடைச்சிட்டீங்களா?” கொத்தனார் குரலில் சிரிப்பு இல்லை. “எதுக்கும்மா அடைச்சீங்க? நான்தான் சொன்னேன்ல?”

“மழைத்தண்ணி வந்துச்சு. என்னங்க அது?”

“எனக்கென்னம்மா தெரியும்? காலியாக் கெடந்த இடம். அத்தனை பெருசு. மூட மூட மேல ஏறுச்சு. இப்ப அதுக்குப் போக இடம் இல்லாமப் பண்ணிட்டீங்க.” அவர் யாரிடமோ எதையோ எடுக்கச் சொன்னார். “இப்பவே கெளம்பி வர்றேன். புள்ளய மட்டும் அதுல விடாதீங்க.”

திரும்பி வந்தாள்.

மேசையில் நோட்டு திறந்திருந்தது. அதன்மேல் பென்சில். நாற்காலி காலி.

புது அறைக் கதவு திறந்திருந்தது.

“சுண்டு.”

புல் வாடை. இப்போது குளிர்ந்த புல்.

“அம்மா!” என்றது குரல். சந்தோஷமான குரல். “பந்து கிடைச்சிருச்சு!”

அவளுக்குத் தெரியும், ஒரு குரல் எவ்வளவு தூரம் வந்தால் எப்படித் தேயும் என்று. முதலில் மெல்லிய ஓசைகள் உதிரும். சொற்களின் விளிம்பு போகும். உயிரெழுத்துகள் மட்டும் மிஞ்சும். இந்தக் குரலில் அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது.

விளக்கைப் போட்டாள். கட்டில் தெரிந்தது. கட்டிலைச் சுற்றிக் கொஞ்சம் தரை தெரிந்தது. அதற்கப்பால் வெளிச்சம் போய்ப் படுவதற்கு எதுவும் இல்லை.

“அங்கயே நில்லு! அம்மா வர்றேன்!”

கையை நீட்டிக்கொண்டு நடந்தாள். சுவர் வரவில்லை. நடந்தாள். வரவில்லை.

எதிரொலி வராததற்கு இன்னொரு காரணம் உண்டு. இப்போதுதான் அது உறைத்தது. அறை நிறைந்திருப்பதால் மட்டும் இல்லை. சுவரே இல்லாத இடத்திலும் சத்தம் திரும்பாது.

செருப்பில்லாத காலில் சிமென்ட் முடிந்தது.

“சுண்டு!”

காற்று. எல்லாப் பக்கமும் ஒரே அளவில்.

அவள் கைகளைத் தூக்கினாள். ஒரு தட்டு.

சத்தம் போனது. போய்க்கொண்டே இருந்தது.

பிறகு, வெகு தொலைவில், இரண்டு தட்டு. சின்னக் கை.

அந்தப் பக்கம் ஓடினாள். புல் கணுக்காலில் அறைந்தது. மூச்சு இரைத்தது.

இடது பக்கம் இரண்டு தட்டு. சின்னக் கை.

நின்றாள்.

வலது பக்கம். இரண்டு தட்டு. அதே சின்னக் கை.

எது? காதைத் தீட்டினாள். மற்றவர்களின் காதைச் சோதிக்கும் காது. தெரியவில்லை.

பின்னால் இரண்டு தட்டு.

திரும்பினாள். சமையலறை விளக்கு ஓர் அரிசி அளவுக்குத் தெரிந்தது. அதற்கும் அவளுக்கும் நடுவில், இருட்டு முழுக்க, சின்னக் கைகள் இரண்டிரண்டாகத் தட்டிக்கொண்டு அவளை நோக்கி வந்துகொண்டிருந்தன.