‘நான்’ என்ற கேபினெட்

உள்ளங்கையால் கிட்டார் கம்பிகளை அமுக்கியதும் சத்தம் கத்தியால் வெட்டியதுபோல நிற்க வேண்டும். நின்றது. ஆனால் நின்ற பிறகு, ஹெட்ஃபோனின் இடது பக்கத்தில், ஒட்டிக்கிடந்த இரண்டு உதடுகள் பிரிவதுபோல ஒரு சின்னச் சத்தம் வந்தது.

அவள் மறுபடி வாசித்தாள். அமுக்கினாள். ப்ச்.

தன் கைதான் ஒட்டுகிறது என்று நினைத்துக்கொண்டாள். அது தம்பியின் கிட்டார். கம்பி மாற்றுவதில் அவன் மகா கஞ்சன்; புதுக் கம்பி பல்லைக் கூசவைக்கிறது, பழசுக்குத்தான் கனம் என்பான். மாதக்கணக்கான வியர்வையும் விரல் தோலும் கம்பிகளுக்கு அடியில் பச்சையும் கறுப்புமாகப் படிந்திருந்தன. நகம் பட்டால் மெழுகுபோலச் சுருண்டு வந்தது. அவன் போய் ஆறு வாரம் ஆகிவிட்டது. அந்த அழுக்கு மட்டும் இன்னும் காயவில்லை. அதைத் துடைக்கவும் மனமில்லை, தொடவும் மனமில்லை.

அவனுடைய ராக் பேண்டின் புதுப் பாட்டு ஒன்றில் கிட்டாரின் முதல் பாதியை அவன் வாசித்துப் பதிந்து வைத்திருந்தான். மீதியை இவள் வாசித்து மாலைக்குள் அனுப்ப வேண்டும். இரண்டும் ஒரே கை வாசித்ததுபோல ஒட்டினால் அவனுடையது பாட்டில் நிற்கும். ஒட்டாவிட்டால் வேறு யாரோ முதலிலிருந்து வாசிப்பார்கள். அவன் கடைசியாக வாசித்தது எங்குமே இருக்காது. ட்ரம்மர், எல்லோருக்கும் அவன் மொட்டைதான், காலையிலேயே போனில் சொல்லிவிட்டான்.

“வேற வழியில்லக்கா. ஒரே கிட்டாருக்கு வீட்டுல அடிச்சுக்கிட்டவங்க நீங்க ரெண்டு பேரும். உங்களுக்கு வராம வேற யாருக்கு வரும்?”

“கை வரும்டா. அவனோட டோன், அந்தக் குரல், எங்கேர்ந்து வரும்?”

“அதான் பெட்டி இருக்கே.”

பெட்டி மேசைமேல் இருந்தது. பெரிய பெரிய ஆம்ப்ளிஃபையர்களின் குரலையெல்லாம் தனக்குள் அடைத்து வைத்திருக்கும், கைப்பைக்குள் அடங்கிவிடும் கறுப்புப் பெட்டி. தம்பி எந்தத் திருகு எதில் நின்றது என்று சேமித்து வைக்கிற ஆள் இல்லை, திருகிக்கொண்டே இருப்பான். எல்லாவற்றையும் அவள் காதால்தான் தேட வேண்டியிருந்தது.

மதிய வெயில் மூடிய ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. முதலில், சத்தத்துக்கு முறுக்கேற்றும் கெயினை ஒன்பதில் வைத்தாள். தனியாக வாசித்தால் இடி. ட்ரம்மோடு சேர்த்தால் குளவிக்கூட்டைக் கலைத்ததுபோல வெறும் இரைச்சல். ஆறுக்கு இறக்கினாள். ஆம்புக்கு முன்னால் சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஒரு ஓவர்டிரைவ் பெடலை வைத்து, அதன் டிரைவைப் பூஜ்யத்திலும் லெவலை முழுசாகவும் திருப்பியதும் கீழ்க்கம்பி இறுகியது. பாஸைக் குறைத்தாள். எல்லோரும் வெட்டித் தள்ளுகிற நடு ஒலியை, மிட்டை, ஏற்றினாள். வாசிக்காத நேரத்தில் இரைச்சலை அடைத்து நிறுத்தும் கேட்டை இறுக்கினாள். நல்ல டோன்தான். அவனுடையது இல்லை. அவனுடையதன் நடுவில் வேறு ஏதோ இருந்தது, சதைப்பிடிப்பாக, ஊறிப்போனதாக.

மிச்சம் இருந்தது கேபினெட். சத்தம் கடைசியாக எந்த ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளிருந்து வெளியே வரவேண்டும் என்பது. ஒவ்வொன்றாக மாற்றினாள். பட்டியலின் அடியில் தம்பியே செய்தவை கிடந்தன: ‘வாளி’, ‘பீரோ’, ‘தண்ணி டேங்க்’. எதற்குள்ளும் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை வைத்து, ஒரு விசில் சத்தத்தை ஓடவிட்டு மைக்கில் பிடித்தால், அந்தக் குழிவின் வடிவம் பெட்டியில் ஏறிவிடும். பிறகு கிட்டார் அதற்குள்ளிருந்து ஒலிக்கும். நாள் முழுக்க வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தவன் அவன்.

எல்லாவற்றுக்கும் கீழே ஒன்று. ‘நான்’.

அதைத் தேர்ந்தெடுத்து ஒரு முறை அடித்தாள். அவனேதான். கை மயிர் சிலிர்த்தது, முதலில் சந்தோஷத்தில்தான்.

எது எதற்குள் வைக்கப்பட்டிருந்தது என்று அப்புறம் புரிந்தது. கடைசி மூன்று மாதம் அவன் கழுத்தில் ஒரு துளை, துளைக்குள் ஒரு குழாய். பேச்சு போய்விட்டது. குழாயில் தேங்குவதை ஒரு நாளைக்கு ஆறு முறை உறிஞ்சி எடுக்க வேண்டும். மஞ்சளாக, நூல் நூலாக, சில நாள் கட்டியாக வரும். அவள்தான் எடுத்தாள், ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. அவன் அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அப்படி ஒரு நாளில்தான் காதுக்குள் வைக்கிற சின்ன ஸ்பீக்கரை நாக்கின் மேல் வைத்து, மைக்கைக் கழுத்துத் துளையருகே பிடித்திருக்கிறான்; பெட்டியில் ஏறியிருப்பது அவன் தொண்டையின் வடிவம்.

ஹெட்ஃபோனைக் கழற்றித் துணியால் துடைத்து, மறுபடி மாட்டினாள். வாசித்தாள். தனியாகப் பதிய வேண்டிய கடைசி நோட்டை, நீளமாக நிற்கும் அந்த ஒற்றை ஸ்வரத்தை, விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பதிந்து அனுப்பினாள்.

பத்து நிமிடத்தில் மொட்டை கூப்பிட்டான். “அவனேதான்க்கா. எனக்கு அழுகையே வந்துடுச்சு.” கொஞ்சம் தயங்கினான். “ஆனா என்ன, சாப்பிட்டுக்கிட்டே வாசிச்சீங்களா?”

“நான் ஒண்ணும் சாப்பிடலயே.”

“ஒவ்வொரு இடைவெளியிலயும் கேக்குதுக்கா. நாய் தண்ணி குடிக்கற மாதிரி. பரவாயில்ல, அத நான் வெட்டிடறேன். கடைசி நோட்டுதான் முக்கியம். பன்னெண்டு செகண்ட் நின்னு தானா அடங்கணும். அதுல நான் கை வெக்க முடியாது, வெட்டினா செத்துடும்.” பிறகு, “ஸாரிக்கா” என்றான்.

“வை போனை.”

கேட்டைக் கடைசிவரை இறுக்கினாள். ப்ச். கிட்டாரிலிருந்து கேபிளைப் பிடுங்கினாள். உள்ளே வரும் சத்தத்தைக் காட்டும் விளக்கு அணைந்தது. வெளியே போகும் சத்தத்தின் பச்சைக் கோடு மட்டும் ஏறியது. இறங்கியது. ஏறியது. படுத்திருப்பவனின் மார்புபோல.

கேபினெட் என்பது வெறும் வடிவம். சத்தம் உள்ளே போனால்தான் சத்தம் வெளியே வரும். அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

மணி ஐந்தரை. கேபிளை மறுபடி செருகினாள்.

ஆறில் இருந்த கெயினுக்கு நோட் ஐந்து விநாடிகூட நிற்கவில்லை. ஒன்பதுக்கு ஏற்ற வேண்டியிருந்தது. கேட் இருந்தால் நோட்டின் வாலை நறுக்கிவிடும். அதை முழுசாகத் திறக்க வேண்டியிருந்தது. திறந்தாள். காது நிறைய இரைச்சல். இரைச்சலுக்குப் பின்னால், குழாயில் சளி கொதிக்கிற சத்தம். அதோடு ஒரு வாடை: மருந்து, சூடான பிளாஸ்டிக், அவற்றுக்கு அடியில், பல நாள் மாற்றாத பூச்சாடித் தண்ணீர். மூக்கால் மூச்சு விடுவதை நிறுத்திக்கொண்டாள்.

பதிவு தொடங்கியதைக் காட்டும் சிவப்பு விளக்கு. அடித்தாள்.

இடது கை நோட்டை அழுத்தி அசைத்தது. வலது கை மற்ற கம்பிகளை மூடியிருந்தது. கெயின் ஒன்பதில் எந்தக் கையை எடுத்தாலும் எல்லாம் ஊளையிடும்.

மூன்று விநாடி. நான்கு. அழகான நோட். அவன் நோட்.

ஐந்தில் ஹெட்ஃபோனின் மெத்தை வெதுவெதுத்தது.

ஆறு. அது வியர்வை இல்லை. வியர்வை இவ்வளவு மெதுவாக இறங்காது. கெட்டியாக. நூலாக. காது மடலின் கீழே தொங்கி, கன்னத்தில் ஒட்டி, ஊர்ந்தது.

கை எடுக்க முடியாது. தோளில் துடைத்தாள். தோள்வரை இழுபட்டு, திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது.

எட்டு. நோட் அடங்கத் தொடங்க வேண்டும். பச்சைக் கோடு ஏறியது.

வாயோரம் வந்தது. உதடுகளை இறுக்கினாள். அது கீழே வழியவில்லை. மேலே போனது. மேலுதட்டைக் கடந்து, மூக்கின் ஒரு துளையை மூடியது. நிதானமாக. பிறகு இன்னொன்றை.

பதினொன்று. பன்னிரண்டு.

நோட் அடங்கவில்லை.

பதினைந்து. நெஞ்சு காற்றுக்குத் துடித்தது. இருபது. பச்சைக் கோடு உச்சியைத் தொட்டு நின்றது. கைகள் கம்பிகளை விடவில்லை. இறுகிய உதடுகளின் மேல் அது கனமாக, வெதுவெதுப்பாகப் படர்ந்து, அவள் மூச்சுக்காக வாயைத் திறக்கும்வரை காத்துக்கொண்டிருந்தது.