ஏழாம் வள்ளம்

பிற்பகல் மூன்று மணிக்கு, ஒரு வள்ளமும் கடலில் இல்லாத நேரத்தில், பெற்றிசியாவின் மேசையிலிருந்த பெட்டியில் பச்சை விளக்கு ஒருமுறை மின்னியது.

அது 2007. அன்று கடலுக்குப் போகக் கடற்படை பாஸ் கொடுக்காததால் பேசாலைக் கடல் வெறுமையாகக் கிடந்தது. அந்தப் பெட்டி அவள் கைவேலை. ஒவ்வொரு வள்ளத்திலும் ஒரு சிப், அதற்குள் அவள் எழுதிய புரோகிராம். நிமிடத்துக்கு ஒருக்கால் சிப் விழித்து, வள்ளத்தின் எண்ணை அனுப்பிவிட்டு, பற்றரி தீராதபடி மறுபடி தூங்கிவிடும். வள்ளம் கரையை நெருங்க நெருங்க விளக்கு வேகமாக மின்னும்.

கடற்படைச் சோதனைக்குப் பயந்து, தம்பி பெனடிக்ற் கடைசியாகக் கடலுக்குப் போன அன்று அவனுடைய சிப்பை மட்டும் அவளே கழற்றி வைத்தாள். அவன் திரும்பி வராமல் இருபது நாளாயிற்று. அது வள்ளத்தில் இருந்திருந்தால் எங்கே தேடுவதென்றாவது தெரிந்திருக்கும். அந்த நினைப்பு அவளைத் தின்றது.

ஊர்ப் பதிவுகளைப் பார்க்கும் விதானையார் அமிர்தநாயகம் வாசலில் வந்து நின்று, மரணப் பதிவுக் கடதாசியை நீட்டினார்.

“தம்பி மோசம் போயிட்டானெண்டு கையெழுத்தை வையும், பிள்ளை. இனி ஒருத்தரும் தேடமாட்டினம்.”

“வைக்கமாட்டன். என்ர தம்பியைக் கடதாசியில கொல்ல விடமாட்டன். நீங்கள் போங்கோ.”

அவர் போனதும் விளக்கு மறுபடி மின்னியது. பெட்டியின் சின்னத் திரையில் ஏழு. பெனடிக்ற்றின் எண். அவனுடைய சிப்போ, பற்றரி இல்லாமல், நெருப்புப் பெட்டிக்குள் அவள் கண்முன்னே கிடந்தது.

புரோகிராமை வரிவரியாகப் பார்த்தாள். பிழையில்லை. வேறெதுவும் ஏழாம் எண்ணை அனுப்ப முடியாது. பெட்டியின் வயரைப் பிடுங்கிவிடலாம். அவளா பிடுங்குகிறவள்?

“வா, பாப்பம்,” என்றாள்.

விளக்கு வேகம் பிடித்தது. வெளியே காகங்களின் சத்தம் நின்றுபோயிற்று. கருவாட்டு வாடையை அமுக்கிக்கொண்டு, அழுகிய கடற்சாதாளைப் பாசியின் நாற்றம் யன்னல் வழியே மெதுவாக ஏறியது. மணலில் எதையோ இழுக்கும் சத்தம். முற்றத்தில். வாசலில்.

விளக்கு மின்னுவதை விட்டு நின்றெரிந்தது.

பின்னால் கதிரை கிரீச்சிட்டது. ஈரம் சொட்டியது. பெற்றிசியா ஓடவில்லை. கோப்பையில் சோறு போட்டு, கடலில் கிடந்தவனுக்கு மீன் வேண்டாமென்று குழம்பை ஒதுக்கிவிட்டு, பருப்பை ஊற்றி, திரும்பி மேசையில் வைத்தாள்.

“சாப்பிடு, தம்பி.”

ஊதி வெளுத்த, நகமில்லாத விரல்கள் சோற்றைப் பிசைந்தன. பிடி பிடியாக மேலே போன சோறு, தொண்டையில் நிற்காமல், மடியில் விழுந்துகொண்டேயிருந்தது.